காதுமணிக்குள் இருந்த அம்மா

தொண்டை கட்டிக்கொண்டது என்று வேலுத்தாய் சொன்னது பச்சைப் பொய். அன்று காலையில்தான் கடலைமிட்டாய்க் கம்பெனியில் சூப்பர்வைசரிடம் நாலு வீடு கேட்கும்படி சத்தம் போட்டு அரைநாள் லீவு வாங்கி வந்திருந்தாள். பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்த மாத்திரத்தில் அந்தச் சத்தம் எங்கே போயிற்றோ. பக்கத்து வீட்டுப் பாக்கியத்தின் முந்தானையைப் பிடித்து இழுத்து, "எனக்குக் கொரலே வரமாட்டேங்கு பாக்கியம். எனக்கும் சேத்து நீயே வாசிச்சிட்டு வந்துரு" என்று கிசுகிசுத்தாள்.

"அதுக்கென்ன மதினி, ஒரு பக்கம் வாசிக்கதுக்கு எனக்கென்ன வாய் வலிக்கவா போகுது" என்றாள் பாக்கியம்.

விஷயம் இதுதான். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லாரும் அன்றைக்கு வந்து, ஓர் அறைக்குள் இருக்கும் மெஷின் முன்னால் ஒரு பக்கத்தை வாசித்துவிட்டுப் போக வேண்டும். எதற்காக என்று நோட்டீசில் விவரமாகத்தான் போட்டிருந்தது. வேலுத்தாய்க்கு அதை வாசிக்கத் தெரியாது. அம்மாக்களுக்குப் படிப்பு இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள், இல்லையென்றால் பிள்ளையை மட்டமாக நினைத்துவிடுவார்கள் என்று அவளாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் வாசிக்கத் தெரியாது என்பது தெரிந்துபோகுமே.

அவள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம்தான் ஊரெல்லாம் நோய் வந்து பள்ளிக்கூடங்களை இழுத்து மூடினார்கள். திறந்தபோது அவள் மூன்றாம் வகுப்பில் இருந்தாள். எழுத்தை எல்லாரும் எப்போது கற்றுக்கொண்டார்கள், தான் மட்டும் எங்கே போயிருந்தோம் என்று அவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. பின் பெஞ்சில் உட்கார்ந்து, எல்லாரும் கோரசாகச் சொல்லும்போது வாயை அசைத்து, போர்டில் இருப்பதைக் கோலம் போடுவது போலப் போட்டு, எட்டாம் வகுப்பு வரை வந்துவிட்டாள். ஒரு வாத்தியாரும் கண்டுபிடிக்கவில்லை. அதற்குப் பிறகு கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. போன் பேசியது, பஸ் பேசியது, பேங்க் மெஷின்கூடப் பேர் சொல்லி வணக்கம் வைத்தது. லாரி ஓட்டும் புருஷன் குஜராத்திலிருந்து வாய்ஸ் மெசேஜில் குடும்பம் நடத்தினான். உலகமே வாயைத் திறந்து பேச ஆரம்பித்த பிறகு யாருக்கு வாசிக்கத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று எவர் பார்க்கப் போகிறார்கள். ஆனால் தன் மகன் அதியன் மட்டும் அப்படிப் பின் பெஞ்சில் உட்கார்ந்து வாயசைத்துவிடக் கூடாது என்று அவளுக்குள் ஒரு வெறியே இருந்தது.

பாக்கியம் வெளியே வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"மொதல்ல என் பேருக்கு வாசிச்சேன். பொறவு அதியன் அம்மான்னு கூப்பிட்டாங்க, நானே மறுபடியும் போய் உக்காந்தேன். மெஷினுகிட்ட இருந்த பையன் போனைப் பாத்துக்கிட்டு இருந்தான், என்னைய நிமிந்தே பாக்கல. ஆனா மெஷினு கண்டுபிடிச்சிரக் கூடாதுல்லா. அதான் கொரலை மாத்தி, மெல்லமா, தாலாட்டு பாடுதமாரி வாசிச்சி விட்டுட்டேன் மதினி."

சும்மா சொல்லக்கூடாது, அது பெரிய சாதனைதான். பாக்கியம் வீட்டுக்குள் பேசினால் தெருமுக்கில் படுத்திருக்கும் நாய் எழுந்து நிற்கும். அவள் மகள் தியாவைப் பால் குடிக்கக் கூப்பிடும்போது பக்கத்துத் தெருப் பிள்ளைகள் பயந்துபோய்ப் பால் குடித்துவிடும். அப்படிப்பட்டவள் மெல்லமாக வாசித்தாள் என்றால், அதைக் கேட்க வேலுத்தாய்க்கே ஆசையாக இருந்தது. இருவரும் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார்கள்.

அதியன் பள்ளிக்கூடத்தில் வாசிக்க ஆரம்பித்த சேதி டீச்சர் மூலமாகத்தான் வந்தது. அவன்தான் வகுப்பிலேயே முதல் என்றார்கள். காதில் மாட்டுகிற மணி ஒன்று கொடுத்திருக்கிறார்கள், புத்தகத்தில் விரல் நிற்கிற இடத்தில் இருக்கும் எழுத்தை அது காதுக்குள் சொல்லிக்கொடுக்கும், மாலையில் எல்லா மணிகளையும் டீச்சர் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார் என்பதெல்லாம் அவள் கேள்விப்பட்டதுதான். அதற்கு மேல் கேட்டுக்கொள்ளவில்லை. பிள்ளை வாசிக்கிறான், அது போதும்.

ஆனால் வீட்டில் அவன் ஒரு எழுத்துகூட வாசிக்கவில்லை. புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்ப்பான். பிறகு மூடிவிடுவான். மாலையானால் பாக்கியம் வீட்டுச் சமையல்கட்டு ஜன்னலுக்கு வெளியே போய்ச் சுவரோடு ஒட்டி நின்றுகொள்வான். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணை மூடி, எதையோ எதிர்பார்த்து நிற்பான். உள்ளே பாக்கியம், "ஏட்டி தியா, எங்க போய்த் தொலஞ்ச" என்று ஒரு கூப்பாடு போட்டதும் திடுக்கிட்டுக் கண்ணைத் திறப்பான். அவன் முகம் சுருங்கிப்போகும். ஆனாலும் போகமாட்டான், நிற்பான்.

வேலுத்தாய்க்கு ஒன்றும் புரியவில்லை. முதலில் தியாவோடு விளையாடத்தான் போகிறான் என்று நினைத்தாள். தியா கூப்பிட்டாலும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பாக்கியம் முறுக்கு கொடுத்தால் வாங்கிக்கொண்டான், ஆனால் தின்னாமல் அவள் வாயையே பார்த்தான்.

"அத்த, மெதுவா பேசு" என்று ஒருநாள் அவன் பாக்கியத்திடம் சொன்னது வேலுத்தாயின் காதில் விழுந்தது.

"மெதுவாவா? நான் இப்ப மெதுவாத்தானல பேசுதேன் மருமவனே."

"இன்னும் மெதுவா. ராசான்னு சொல்லு."

பாக்கியம் குழம்பிப்போய், "ராசா" என்றாள். பையன் அப்படியே அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டான்.

அதைப் பார்த்த வேலுத்தாயின் வயிறு எரிந்தது. பெற்றவளிடம் ஒரு முத்தம் கொடுக்க ஆயிரம் பிகு பண்ணுகிற பயல், அடுத்த வீட்டுக்காரியின் இடுப்பைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். கம்பெனியில் கூட வேலை பார்க்கும் பெண்களிடம் சொன்னாள். கடலைமிட்டாய்க்கு வெல்லப்பாகு பதம் பார்க்கிறவர்களுக்கு மற்ற எல்லாவற்றுக்கும் பதம் தெரியும் என்று ஒரு நினைப்பு. "முறுக்குல எதும் வச்சிக் குடுத்திருப்பா. பிள்ளை மனசைத் திருப்புததுக்கு மருந்து இருக்கு" என்றாள் ஒருத்தி. வேலுத்தாய் அதை நம்பினாளா என்றால் நம்பவில்லை. நம்பவில்லை என்றால் சும்மா இருந்தாளா என்றால் அதுவும் இல்லை.

"எம் புள்ளைக்கு என்னத்தடி குடுத்த?" என்று தெருக்குழாயடியில் வைத்துக் கேட்டுவிட்டாள்.

பாக்கியத்துக்கு முதலில் விளங்கவேயில்லை. விளங்கியதும் குடத்தைக் கீழே வைத்தாள். அவள் கத்தியிருந்தால் வேலுத்தாய் தாங்கியிருப்பாள். அவள் கத்தவில்லை. "நீயா மதினி இப்படிக் கேக்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, தண்ணீர் பிடிக்காமலே போய்விட்டாள். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. ஜன்னலடியில் நின்ற பையனை அடித்து இழுத்து வந்து, இனி அங்கே போகக் கூடாது என்று உத்தரவு போட்டாள். அவன் அழவில்லை, சாப்பிடவும் இல்லை.

மறுநாள் சாயங்காலம் அவனுக்குத் தலைவாரிவிட்டுக்கொண்டிருந்தபோது அவனாகவே கேட்டான்.

"அம்மா, நீ ஸ்கூல்ல பேசுதமாரி வீட்டுல ஏன் பேச மாட்டேங்க?"

"நான் ஸ்கூல்ல எங்க எய்யா பேசுனேன்? நான் கம்பெனிக்குல்ல போறேன்."

"காதுமணியில பேசுவல்லா. 'நல்லாருக்கு ராசா, இன்னொருக்க சொல்லு'ன்னு. டீச்சர் சொன்னாக, அது அம்மான்னு."

வேலுத்தாயின் கையிலிருந்த சீப்பு நின்றுவிட்டது. அவள் அவனை எய்யா என்றுதான் கூப்பிடுவாள். கோபம் வந்தால் மூதி என்பாள். ஒருநாளும் ராசா என்று கூப்பிட்டதில்லை.

"அந்தக் கொரல் எப்படி இருக்கும்?"

அவன் யோசித்தான். "அத்தைமாரி இருக்கும். ஆனா அத்தை இல்ல. நீன்னுதான் சொன்னாக. நீயும் இல்ல" என்று சொல்லிவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

அடுத்த நாள் கம்பெனிக்குப் போகாமல் நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனாள். எஸ்தர் டீச்சர் ஒன்றாம் வகுப்புக்கு வந்து சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. குரலை உயர்த்தாத பெண். பிள்ளைகள் உள்ளே வாசித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு பிள்ளையின் மேசையிலும் ஒரு சின்ன விளக்கு கவிழ்ந்து புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. விரல்கள் வரியில் ஊர்ந்தன. ஆளாளுக்கு முணுமுணுப்பு. யாரும் கோரசாகச் சொல்லவில்லை என்பதைத்தான் வேலுத்தாய் முதலில் கவனித்தாள். இங்கே இருந்தால் நான் மாட்டிக்கொண்டிருப்பேன் என்று நினைத்தாள்.

"டீச்சர், அந்தக் காதுமணிக்குள்ள யாரு பேசுதது?"

"நீங்கதான், அதியன் அம்மா" என்றார் எஸ்தர் டீச்சர், இது என்ன கேள்வி என்பது போல. "அன்னைக்கு வந்து வாசிச்சிட்டுப் போனீங்கல்ல. அந்தக் குரலை வச்சித்தான் மெஷின் எல்லாத்தையும் பேசும். பிள்ளைங்களுக்கு எழுத்தோட சத்தம் பெத்தவ குரல்ல கேட்டா சீக்கிரம் பிடிபடுது. ப், ஆ, பா. பா, ல், பால். நம்ம சொன்னா நாப்பது தடவ சொல்லணும். அம்மா குரல் சொன்னா நாலே தடவையில நிக்குது. அதுக்குத்தானே தாய்க்குரல் திட்டம்னே பேர் வச்சிருக்காங்க."

அது பரீட்சை இல்லையா? அம்மாக்களைச் சோதிக்கிறதுக்கு இல்லையா?

"அதை நான் கேக்கலாமா?"

டீச்சர் அதியன் மேசைக்குப் போய் அவன் காதிலிருந்து மணியைக் கழற்றி வாங்கிவந்தார். வேலுத்தாய் தன் காதில் வைத்துக்கொண்டாள். டீச்சர் புத்தகத்தில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தார்.

"ம், அ, ம. ம, ர, ம். மரம். நல்லாருக்கு ராசா. இப்ப நீ சொல்லு பாப்போம்."

அது பாக்கியம்தான். ஆனால் பாக்கியம் இல்லை. கோபமே வராத, அவசரமே இல்லாத, அடுப்பில் எதுவும் வைத்துவிட்டு வராத ஒரு பாக்கியம். அப்படி ஒருத்தி இந்தத் தெருவில் இல்லை, எந்தத் தெருவிலும் இருக்கமாட்டாள். அந்தக் குரலைத் தேடித்தான் பிள்ளை ஜன்னலடியில் நின்றிருக்கிறான். இல்லாத ஒருத்தியைத் தேடி நின்றவனை அடித்துவேறு இழுத்து வந்தாளே.

"டீச்சர், இது நான் இல்ல" என்று சொல்லிவிட்டு வேலுத்தாய் அழுதாள். எல்லாவற்றையும் சொன்னாள். வாசிக்கத் தெரியாது என்பதைச் சொல்லும்போது மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

எஸ்தர் டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "வாசிக்கவே வேண்டியதில்லையே அம்மா" என்றார். "சும்மா கொஞ்சநேரம் பேசினா போதும், மெஷின் எடுத்துக்கும். வாசிக்கச் சொல்லணும்னு யாரோ எழுதிட்டாங்க, நாங்களும் செஞ்சிட்டோம். அதோ ஜன்னல் பக்கத்துல ஒரு பிள்ளை இருக்கே, அதுக்கு அம்மா இல்ல. போன வருசமே தவறிட்டாங்க. அப்பா, போன்ல இருந்த அவங்க பேச்சைக் கொண்டுவந்து குடுத்தார். அதை வச்சே மணி பண்ணிட்டோம். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் விட மணி அடிச்சாலும் காதுமணியைக் கழட்ட மாட்டேங்குது. அருமையா வாசிக்குது. அதுக்கு நான் சந்தோசப்படணுமா, என்ன பண்ணணும்னு எனக்கே தெரியல."

வேலுத்தாய் அந்தப் பிள்ளையைப் பார்த்தாள். உதடுகள் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தன.

"அப்ப எம் பையனுக்கும் மாத்திருங்க. நான் பேசுதேன்."

"மாத்தலாம். ஆனா கேளுங்க. அவனுக்கு ஒவ்வொரு எழுத்தும் இந்தக் குரல்லதான் மனசுல உக்காந்திருக்கு. நாம வாய் திறக்காம வாசிக்கும்போது உள்ளுக்குள்ள ஒரு குரல் கேக்கும் பாருங்க..." டீச்சர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். வாசிக்கத் தெரியாதவளிடம் இதைச் சொல்கிறோமே என்று சங்கடப்பட்டார்.

"சொல்லுங்க. கேக்குமா?"

"கேக்கும். இவனுக்கு அது இந்தக் குரலா இருக்கும். இப்ப மாத்துனா பிள்ளை தடுமாறுவான். தெரிஞ்ச எழுத்தே தெரியாதமாரி ஆயிரும். வருசக் கடைசியில சரளமா வாசிக்காங்களான்னு பாப்பாங்க. வராதவங்களை அடுத்த வருசமும் வாசிப்புக்கு மட்டும் ஒண்ணாம் வகுப்புச் சின்னப் பிள்ளைங்களோட உக்கார வைப்பாங்க. இவன் இப்ப முதல்ல நிக்கான்."

"மாத்தலைன்னா?"

"மாத்தலைன்னா ஒண்ணும் ஆகாது. நல்லா வாசிப்பான்."

"ஆயுசுக்கும் எதை வாசிச்சாலும் அவனுக்கு அடுத்த வீட்டுக்காரி கொரல்தான் கேக்கும்."

"ஆமா."

"நான் செத்த பொறவும்."

டீச்சர் மெதுவாகக் கேட்டார். "அதியன் அம்மா, தப்பா நினைக்காதீங்க. இது பிள்ளைக்காகக் கேக்கீங்களா, உங்களுக்காகவா?"

வேலுத்தாய் பொய் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு என்னவோ அது வரவில்லை. "எனக்குத்தான் டீச்சர்" என்றாள். "பிள்ளைக்கு இதுல என்ன நல்லதுன்னு எனக்குத் தெரியல. எனக்கு வேணும்."

அன்று மாலை பாக்கியத்தின் வீட்டு வாசலில் போய் நின்றாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தாள். பாக்கியம் கதவைச் சாத்தப் போனாள். "எனக்கு வாசிக்கத் தெரியாது பாக்கியம்" என்றாள் வேலுத்தாய் எடுத்த எடுப்பில். "தொண்டை எல்லாம் கட்டல."

பாக்கியம் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அதான் கல்யாணப் பத்திரிகை எது வந்தாலும் எங்கிட்ட குடுத்து நல்லநேரம் பாக்கச் சொன்னியா? நான் என்னமோ எங் கைராசிக்குன்னுல்ல நெனச்சேன்" என்றாள். அவ்வளவுதான், அவளுக்குக் கோபத்தை நீட்டிப் பிடிக்கத் தெரியாது. ஆனால் மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு வந்து அந்தக் காதுமணியை வாங்கித் தன் காதில் வைத்துக் கேட்டபோது அவள் முகம் மாறிவிட்டது. திரும்பத் திரும்பக் கேட்டாள். புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி விரலை வைத்துக் கேட்டாள்.

"இப்படி நான் எம் புள்ளைட்ட ஒருநாளும் பேசுனதில்லையே மதினி" என்றாள். "அவளுக்கு வாசிச்சது அவசரத்துல வாசிச்சது. அவ காதுல நான் அங்கயும் கத்திக்கிட்டுல்ல இருப்பேன்."

டீச்சரிடம் கெஞ்சினாள். அதியனுக்கு வேண்டாத குரலைத் தியாவுக்குக் கொடுத்துவிட முடியுமா என்று கேட்டாள். முடியும் என்றார்கள். அப்படியாக அந்த மெல்லிய பாக்கியம் தன் சொந்த மகளிடம் போய்ச் சேர்ந்தாள். ஒருநாள் மாலை தியாவைக் கூப்பிட வாசலுக்கு வந்த பாக்கியம், வாயைத் திறந்தவள் பாதியில் நிறுத்தி, கீழே இறங்கிப் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்ததை வேலுத்தாய் பார்த்தாள். மறுநாள் பழையபடி கத்தினாள் என்பது வேறு விஷயம்.

வேலுத்தாய் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். என்ன பேசுவது? டீச்சர், எதை வேண்டுமானாலும் என்றார். அவளுக்குத் தெரிந்ததைப் பேசினாள். பாகு எப்போது கம்பிப் பதத்துக்கு வரும், கடலையைத் தோல் நீக்கும்போது ஏன் ஊதக் கூடாது, சூப்பர்வைசர் எப்படிப்பட்ட பிசினாறி, அதியன் வயிற்றில் இருந்தபோது எப்படி உதைத்தான், எல்லாம் பேசினாள். வாயசைத்தே காலம் தள்ளிய பள்ளிக்கூடத்துக்குள் முதல்முறையாகத் தன் சொந்த வார்த்தையை உரக்கப் பேசினாள். போதும் போதும் என்று டீச்சர் சொல்ல வேண்டியதாயிற்று.

டீச்சர் சொன்னது அப்படியே நடந்தது. அதியன் திணறினான். நேற்று வரை வாசித்த மரத்தை ம, ர என்று பிரித்து வைத்துக்கொண்டு சேர்க்கத் தெரியாமல் விழித்தான். காதுமணியைக் கழற்றி உள்ளே பார்த்தான். "அந்தம்மா எங்க?" என்று டீச்சரிடம் கேட்டு அழுதானாம். வீட்டில் வேலுத்தாயை விட்டு விலகியே நின்று, அவள் பேசும்போதெல்லாம் உற்று உற்றுப் பார்த்தான். வருடக் கடைசியில் பார்க்க வந்தவர்கள் முன்னால் ஒரு வரியைப் பாதியில் நிறுத்திவிட்டான். அடுத்த வருடம் வாசிப்பு வகுப்பில் தன்னைவிடக் குட்டிப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்தான். வேலுத்தாய் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டு வந்து கம்பெனியில் பேசாமல் வேலை செய்தாள். மகன் பின் பெஞ்சுக்குப் போகக் கூடாது என்று நினைத்தவள்தான், தன் கையாலேயே அவனைக் கொண்டுபோய் அங்கே வைத்துவிட்டாள். செய்தது சரியா தப்பா என்று அவளுக்குத் தெரியவில்லை. திரும்பவும் மாற்றிவிடலாமா என்று நினைப்பாள். உடனே அந்தக் குரல் இப்போது தியாவுடையது என்ற நினைப்பு வரும்.

பிறகு ஒருநாள், மழைக்காலம் முடிகிற நேரம், அவளோடு பஸ்ஸுக்கு நின்றவன் எதிர்ச் சுவரைப் பார்த்து, "சுவரில் விளம்பரம் செய்யாதீர்" என்றான். தடங்கலே இல்லை. வேலுத்தாய் அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். அவள் அந்தச் சிரிப்புக்காகத்தான் இவ்வளவு நாள் காத்திருந்தாள். பஸ் வந்ததே தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவன் அவளிடம் ஒட்டிக்கொண்டான். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே வந்தான். எனக்கு மகன் திரும்பக் கிடைத்துவிட்டான் என்று வேலுத்தாய் புருஷனுக்கு நீளமாக ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். அவனுக்கு என்ன ஏது என்று புரியாமல், சந்தோசம் என்று பதில் அனுப்பினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அவள் வாசல்படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அதியன் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த கதைப் புத்தகம் ஒன்றை அவள் மடியில், அரிசிக்கு மேலேயே வைத்தான்.

"வாசி" என்றான்.

"நீ வாசி எய்யா, நான் கேக்கேன்."

"ம்ஹும். நீ வாசி. ஸ்கூல்ல நீ எவ்வளவு வேகமா வாசிக்க. எவ்வளவு கஷ்டமான வார்த்தைனாலும் டக்குனு சொல்லுத. டீச்சருக்கே சில சமயம் நின்னு நின்னுதான் வருது. உனக்கு வருதுல்லா."

வேலுத்தாய் புத்தகத்தைப் பார்த்தாள். படத்தில் ஒரு யானை இருந்தது, அது மட்டும் தெரிந்தது. பாக்கியத்தின் குரலை விரட்டினோம், நம் குரலை வைத்தோம், சரியாகிவிட்டது என்றுதானே இருந்தாள். அந்தக் காதுமணிக்குள் தன் குரலில் ஒருத்தி உட்கார்ந்துகொண்டு, எல்லாப் புத்தகத்தையும் டக்டக்கென்று வாசித்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. பாக்கியத்தோடு சண்டை போட்டாள். இவளோடு எங்கே போய்ச் சண்டை போடுவது? வேலை கிடக்கிறது என்று சொல்லலாம், இருட்டிவிட்டது என்று சொல்லலாம். பையன் காத்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது எய்யா."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்றதும் அவனும் நிறுத்தினான்.

"அப்ப ஸ்கூல்ல இருக்குறது யாரு?"

அவளும் இப்போது அதைத்தானே யோசித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"அதும் நாந்தான். சின்னப் பிள்ளையில எனக்கும் யாராவது பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்திருந்தா, நான் அப்படித்தான் வாசிச்சிருப்பேன். எனக்கு அது கெடைக்கல. அதுக்குக் கெடச்சிருச்சி."

அதியன் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தான். இதை அவன் லேசில் விடுவதாக இல்லை.

"அது கம்பெனிக்குப் போவுமா?"

"போவாது."

"சோறு பொங்குமா?"

"பொங்காது. அதுக்குக் கை ஏது?"

"அப்ப என்னைய தூக்காது."

"தூக்காது."

"சாயங்காலம் டீச்சர் பீரோவைப் பூட்டிட்டுப் போயிருவாக. அது உள்ள தனியாவா இருக்கும்?"

"தனியாத்தான் இருக்கும்."

"பாவம்" என்றான் அதியன். உண்மையாகவே அவனுக்குக் கஷ்டமாக இருந்தது, கண் கலங்கிவிட்டது. கொஞ்சநேரம் அரிசியைக் கிளறிக்கொண்டிருந்துவிட்டு நிமிர்ந்தான்.

"நாளைக்குப் போய் அதுட்ட சொல்லுதேன்."

"என்னன்னு சொல்லுவ?"

"வீட்டுல இருக்குற நீ நல்லா இருக்கன்னு. வாசிக்கத் தெரியலைன்னாலும் நல்லாத்தான் இருக்கன்னு. அது உன்னைய நெனச்சிக்கிட்டே கெடக்கும்லா."

வேலுத்தாய்க்கு அழுகை வருகிறதா சிரிப்பு வருகிறதா என்றே தெரியவில்லை. பீரோவுக்குள் இருப்பவள் மேல் இவ்வளவு நேரம் இருந்த பொறாமை எங்கே போயிற்று என்றும் தெரியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சொல்லு எய்யா" என்றாள். "நானும் கேட்டேன்னு சொல்லு."